வாட் எஞ்சின் வந்த பிறகும் நியூகொமன் எஞ்சினை ஏன் கட்டினார்கள்?

மார்ச் 3, இரவு 10.25 (கேள்வி)

பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான்: ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார், தொழிற்புரட்சி வந்தது. இப்போது படித்தால் 1712இலேயே தாமஸ் நியூகொமன் என்பவரின் எஞ்சின் ஓடியிருக்கிறது. வாட்டின் எஞ்சினுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரி போதும். அப்படியிருந்தும் 1790களில்கூட இங்கிலாந்துச் சுரங்கக்காரர்கள் பழைய வகையையே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பைத்தியமா, கஞ்சத்தனமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 11.50

இரண்டும் இல்லை, கணக்கு. எஞ்சின் நின்றது நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலிலேயே. மேலே வருவதில் பெரிய கட்டிகளைத்தான் வியாபாரி வாங்குவான். தூளும் பொடிக்கல்லும் விலைபோகாமல் குவிந்து கிடக்கும். எஞ்சின் தின்றது அந்தக் குப்பையை. சும்மா கிடக்கிற குப்பையை மிச்சப்படுத்தித் தருகிறேன், அதற்குப் பணம் கொடு என்று ஒருவர் வந்து நின்றால் யார் கொடுப்பார்கள்?

யார்க்‌ஷயரில் எல்சிகார் என்ற இடத்தில் 1795இல் ஒரு நியூகொமன் எஞ்சினைக் கட்டினார்கள். வாட் காப்புரிமை வாங்கி 26 வருடம் ஆகியிருந்தது. கட்டியவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, 1923 வரை அது தண்ணீர் இறைத்தது. இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனில் கட்டப்பட்ட எஞ்சின்கள் 2,000க்கு மேல். வாட்டும் அவருடைய தொழில் பங்காளி போல்டனும் சேர்ந்த போல்டன்–வாட் கூட்டணி 1800 வரை போட்டுக் கொடுத்தது ஏறத்தாழ 500தான்.

மார்ச் 4, காலை 6.40

நியூகொமன் எஞ்சினில் நீராவி எப்படித் தள்ளும் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். தள்ளாது. அதுதான் வேடிக்கை.

மேலே ஒரு பெரிய உத்தரம், நடுவில் அச்சு. ஒரு முனையில் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்புக் கம்பி, மறுமுனையில் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன். கம்பியின் கனத்தில் அந்தப் பக்கம் இறங்கும், பிஸ்டன் மேலே வரும், அடியில் நீராவி வந்து நிரம்பும். அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இப்போது சிலிண்டருக்குள் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால் நீராவி சுருங்கித் தண்ணீராகிவிடும். ஏறத்தாழ 1,600 மடங்கு சுருக்கம். உள்ளே வெற்றிடம். மேலே இருக்கிற காற்று பிஸ்டனை அமுக்கிக் கீழே இறக்கும், மறுமுனையில் தண்ணீர் மேலே வரும்.

டட்லி கோட்டைப் பக்கத்தில் 1712இல் ஓடிய எஞ்சினின் சிலிண்டர் 21 அங்குல விட்டம், கிட்டத்தட்ட 8 அடி உயரம். நிமிடத்துக்கு 12 முறை ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் 10 காலன் தண்ணீரை 150 அடி ஆழத்திலிருந்து கொண்டுவந்தது. ஐந்தரைக் குதிரைத்திறன் என்று கணக்கு வரும். இன்று ஒரு சின்ன மோட்டார் செய்யும் வேலைதான். ஆனால் அந்த மோட்டார் இல்லாத காலத்தில், குதிரைகளை முறை மாற்றி மாற்றிக் கட்டி இரவும் பகலும் இறைத்தும் சுரங்கம் மூழ்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சின்ன விஷயமா?

வெற்றிடத்தை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். நான் பாய்லர் ஹவுஸிலும் டர்பைன் ஹாலிலும் காலம் கழித்தவன். கண்டென்சரில் (நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் பாத்திரம்) வாக்குவம் கொஞ்சம் விழுந்தாலும் லோடு இறங்குவதை மீட்டரில் பார்க்கலாம். பாய்லர்காரன் எவ்வளவு கரியைத் தள்ளினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

மார்ச் 4, காலை 6.55

சேவரியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். தாமஸ் சேவரி 1698இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய பம்பில் பிஸ்டனே கிடையாது. ஆனால் நெருப்பைக் கொண்டு தண்ணீர் இறைக்கும் எல்லாமே என்னுடையது என்கிற அளவுக்கு அந்தக் காப்புரிமை அகலம். நாடாளுமன்றம் அதை 1733 வரை நீட்டித்தும் கொடுத்தது. நியூகொமன் வேறு ஒரு இயந்திரத்தைச் செய்துவிட்டு, சேவரியின் காப்புரிமைக்குக் கீழேதான் பிழைக்க வேண்டியிருந்தது. காப்புரிமைத் தகராறு இந்தத் துறைக்குப் பிறவிக்குணம்.

மார்ச் 4, இரவு 9.15

"அப்படியென்றால் வாட் என்னதான் செய்தார், கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்தாரா?"

கெட்டிலை விடுங்கள். 1763–64இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஒரு நியூகொமன் எஞ்சினின் சின்ன மாதிரியைப் பழுதுபார்க்கக் கொடுத்தது. நாலு ஓட்டம் ஓடும், நின்றுவிடும். பெரிய எஞ்சினில் இந்தக் குறை இவ்வளவு பச்சையாகத் தெரியாது. சிலிண்டர் சின்னதாக ஆக ஆக உள்ளே இருக்கும் நீராவியை ஒப்பிட்டால் சுவரின் பரப்பு அதிகம். சுவர் குளிர்ந்திருந்தால் புதிதாக வரும் நீராவி அதைச் சூடாக்குவதிலேயே தண்ணீராகிப் போகும். நீராவியில் முக்கால் பங்கு இப்படி வீணாவதை வாட் அளந்து பார்த்தார். ஒரே பாத்திரத்தை ஒவ்வொரு மூச்சுக்கும் கொதிக்கவைத்து ஆறவைத்தால் விறகு கட்டுப்படியாகுமா?

1765இல் அவருக்குத் தோன்றியது: குளிரவைக்கும் வேலைக்குத் தனிப் பாத்திரம். சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கும், பக்கத்தில் தனிக் கண்டென்சர் எப்போதும் குளிராக இருக்கும். நடுவில் ஒரு வால்வு, கூட ஒரு காற்றுப் பம்பு. அவ்வளவுதான். காப்புரிமை 1769.

யோசனை தோன்றியதிலிருந்து விற்கக்கூடிய எஞ்சின் வர 11 வருடம். முதலில் பணம் போட்ட ரோபக் 1773இல் திவால். அதைவிடப் பெரிய தொல்லை சிலிண்டர். நியூகொமன் எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றித் தோலைக் கட்டி, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்க விட்டால் காற்று புகாது, சிலிண்டர் கோணலாக இருந்தாலும் ஓடும். வாட்டுக்கு அது முடியாது, தண்ணீர் நின்றால் சிலிண்டர் ஆறிவிடுமே. ஆக, உட்சுவர் உண்மையிலேயே வட்டமாக இருக்க வேண்டும். அதைக் கடைந்து கொடுத்தது ஜான் வில்கின்சன். பீரங்கிக் குழாய் துளைக்க 1774இல் அவர் செய்த முறையிலிருந்து பிறந்ததுதான் சிலிண்டர் கடையும் இயந்திரம். 50 அங்குலச் சிலிண்டரில் எங்கே அளந்தாலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம்கூடப் பிசகவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1776இல் முதல் எஞ்சின்கள் ஓடின.

என்னைக் கேட்டால் கெட்டில் கதைக்குப் பதிலாக வில்கின்சனின் கடைசல் கதையைப் பாடப்புத்தகத்தில் போடலாம்.

மார்ச் 5, பகல் 1.30

வாட் எஞ்சினை வாங்கியது யார் என்று பார்த்தால் கேள்விக்கான பதில் இன்னும் தெளிவாகும். கார்ன்வால். தாமிரமும் வெள்ளீயமும் எடுக்கும் சுரங்கங்கள். ஆழம் அதிகம், தண்ணீர் அதிகம், நிலக்கரி ஒரு துண்டுகூடக் கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அங்கே ஒவ்வொரு கூடைக்கும் காசு.

போல்டன்–வாட் அங்கே எஞ்சினை முழுசாக விற்கவில்லை. வரைபடமும் வால்வு மாதிரி முக்கியமான பாகங்களும் அவர்கள் தருவார்கள், கட்டிக்கொடுக்க ஆள் அனுப்புவார்கள். சிலிண்டரை வில்கின்சனிடம் சுரங்கக்காரரே வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் இப்படி: பழைய எஞ்சின் எரித்திருக்கக்கூடிய நிலக்கரிக்கும் புதியது எரிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு, வருடா வருடம். எத்தனை முறை ஓடியது என்று எண்ண, உத்தரத்தின் மேல் ஒரு எண்ணும் கருவி. அதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. சாவி சுரங்கக்காரரிடம் இல்லை.

முதல் சில வருடம் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். பழைய எஞ்சின் நினைவிலிருந்து மறைந்ததும் இல்லாத எஞ்சின் எரிக்காத நிலக்கரிக்கு எதற்குக் கப்பம் என்று ஆரம்பித்தது தகராறு. ஹார்ன்புளோவர், புல் என்று உள்ளூர்க்காரர்கள் தாங்களே எஞ்சின் கட்டினார்கள், வழக்கு வந்தது, வாட் பக்கம் ஜெயித்தது. காப்புரிமை 1800இல் தீர்ந்தபோது கார்ன்வாலில் யாரும் அழவில்லை.

மார்ச் 5, இரவு 10.05

"வாட் அதிக அழுத்தத்தைத் தடுக்காமல் இருந்திருந்தால் ரயில் 20 வருடம் முன்னாலேயே வந்திருக்கும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். வாட்டுக்கு உயர் அழுத்தம் பிடிக்காது, காப்புரிமையும் அவர் கையில். ஆனால் பயம் பொய்யில்லை ஐயா.

ரிச்சர்ட் ட்ரெவிதிக் கார்ன்வால்காரர். காப்புரிமை தீர்ந்ததும் கண்டென்சரையே தூக்கிப் போட்டுவிட்டு, உயர் அழுத்த நீராவியை நேராக விட்டுத் தள்ளவைத்து, வெளியே ஊதிவிட்டார். எஞ்சின் சின்னதானது, சக்கரத்தில் ஏற்ற முடிந்தது. 1801 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கேம்போர்னில் சாலையில் ஓடியது. 1804 பிப்ரவரியில் வேல்ஸில் பெனிடேரன் இரும்பாலையில் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் தண்டவாளத்தில் இழுத்தது. வண்டியின் கனம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடைந்தது வேறு கதை.

நடுவில் 1803, கிரீனிச். அவருடைய எஞ்சின் ஒன்றின் பாய்லர் வெடித்து நாலு பேர் செத்தார்கள். பார்த்துக்கொள்ள விட்டிருந்த பையன், அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வை அமுக்கிக் கட்டிவிட்டு விலாங்கு பிடிக்கப் போயிருந்தான். போல்டன்–வாட் தரப்புக்கு இது வெல்லம் மாதிரி செய்தி. ட்ரெவிதிக் அதற்குப் பிறகு இரண்டு வால்வு வைத்தார், உருகும் ஈயச் செருகியும் வைத்தார். தண்ணீர் மட்டம் இறங்கி நெருப்புக்கு மேலுள்ள தகடு காய்ந்தால் ஈயம் உருகி, நீராவி பாய்ந்து நெருப்பை அணைக்கும். அந்தச் செருகி பிறகு எத்தனையோ பாய்லர்களில் ஏறியது.

பையனைத் திட்டத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் சேஃப்டி வால்வு கசிந்துகொண்டிருந்தது. கழற்றி அரைத்துப் போட பாய்லரை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் உற்பத்தி போகும். ஸ்பிரிங்கை இன்னும் ரெண்டு திருகு இறுக்கிவிடு என்று சொன்னது படித்த மேலாளர், விலாங்கு பிடிக்கிற பையன் இல்லை. மாட்டேன் என்றேன். அடுத்த ஷிஃப்டில் வேறு யாரோ இறுக்கியிருந்தார்கள். வெடிக்கவில்லை. வெடிக்காததால் நான்தான் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கினேன்.

மார்ச் 6, காலை 7.20

தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தால் தெரியாதா, இதற்கு எதற்கு உருகும் செருகி என்கிறார் ஒரு தம்பி.

பார்த்தால் தெரியும் என்று நினைப்பதுதான் ஆபத்து. கேஜ் கிளாஸ் முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், ஒரு சொட்டுக்கூட இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். நடுவில் ஒரு கோடு தெரிந்தால்தான் மட்டம். கோடு தெரியாவிட்டால் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் விட்டால் ஒரு சத்தம், நீராவிப் பக்கத்தை மட்டும் விட்டால் வேறு சத்தம். ஷிஃப்ட் மாறும்போது இதைச் செய்யாமல் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவன் பக்கத்தில் நிற்காதே. காய்ந்துபோன பாய்லர் என்று தெரிந்தால் பயத்தில் தண்ணீரைத் திறந்துவிடவும் கூடாது. முதலில் நெருப்பை நிறுத்து.

மார்ச் 6, இரவு 11.10

தொழிற்சாலைப் பக்கம் போகாமல் சுரங்கத்திலேயே சுற்றுகிறோம் என்று புகார். நியாயம்.

பஞ்சாலைகள் நீராவியால் பிறந்தவை என்பது பலருடைய நினைப்பு. பிறந்தது ஆற்றங்கரையில். நூற்பாலை முன்னோடி ஆர்க்ரைட் காலத்து ஆலைகள் ஓடியது நீர்ச்சக்கரத்தில். 1800இல்கூட பிரிட்டனில் நீரிலிருந்து வந்த திறன் நீராவியிலிருந்து வந்ததைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. நூல் நூற்க சீரான சுழற்சி வேண்டும், வெட்டி வெட்டி இழுத்தால் இழை அறுந்துவிடும். ஏறி இறங்கும் நியூகொமன் உத்தரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். கோல்புரூக்டேல் இரும்பாலையில் 1740களிலேயே, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே போன தண்ணீரை நியூகொமன் எஞ்சின் திரும்ப மேலே ஏற்றும், அது மறுபடி சக்கரத்தில் விழும். சிரிக்காதீர்கள், சுழற்சி அருமையாக இருக்கும்.

நேரடியாகச் சுழற்ற கிராங்க் (ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் வளைந்த கை) போதும். ஆனால் எஞ்சினில் கிராங்க் வைக்க 1780இல் பிக்கார்டு என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். காப்புரிமையை வைத்தே பிழைத்த வாட் அடுத்தவர் காப்புரிமையில் மாட்டிக்கொண்டார்! 1781இல் அவர் பெயரில் வந்த மாற்று வழி, ஒரு பற்சக்கரத்தை இன்னொன்று சுற்றிவரும் அமைப்பு. அதை யோசித்தது அவரிடம் வேலை பார்த்த வில்லியம் மர்டோக் என்பார்கள். பிறகு இரு பக்கமும் நீராவி தள்ளும் சிலிண்டர், 1788இல் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுழல் குண்டுகள். அந்தக் குண்டுகளை வாட் எடுத்தது மாவரைக்கும் காற்றாலைகளிலிருந்து. 1785இல் பாப்பிள்விக் என்ற இடத்தில் ஒரு பஞ்சாலையை அவருடைய எஞ்சின் ஓட்டியது.

அதற்குப் பிறகும் நீர்ச்சக்கரம் ஒரு தலைமுறைக்கு மேல் தாக்குப்பிடித்தது. தண்ணீருக்கு எரிபொருள் செலவு இல்லையே, பிறகு ஏன் மாறினார்கள்? ஆள். ஆறு நகரத்துக்கு வராது, ஆலைதான் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். போனால் அங்கே வீடு கட்டி, கடை வைத்து, அனாதைப் பிள்ளைகளை ஒப்பந்தத்தில் கொண்டுவந்து வேலை வாங்க வேண்டும். அவர்கள் ஓடிப்போனால் வேறு ஆள் கிடையாது. மான்செஸ்டரில் ஒரு தொழிலாளி போனால் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள்.

இன்னொன்று வேலை நேரம். கோடையில் ஆறு வற்றினால் ஆலை நிற்கும், தண்ணீர் வந்ததும் ராத்திரி பகல் ஓட்டி ஈடுகட்டுவார்கள். வேலை நேரத்துக்குச் சட்டம் வந்து, 1847இல் பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் பத்து மணி நேரம் என்று ஆனபோது அந்த ஈடுகட்டல் செல்லாது. நீராவி கடிகாரத்துக்குக் கட்டுப்படும், ஆறு கட்டுப்படாது.

மார்ச் 7, காலை 8.00

முதல் நாள் "கணக்கு" என்று ஒரே வார்த்தையில் சொன்னதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். சுரங்கத்தில் கணக்கு நிலக்கரி விலை. பஞ்சாலையில் கணக்கு ஆள். நிலக்கரி விலையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க வருகிறவர்கள் பஞ்சாலையில் தடுமாறுவார்கள்.

மார்ச் 7, இரவு 9.45

"சிக்கனமான எஞ்சின் வந்தால் நிலக்கரி மிச்சம்தானே, அதனால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?"

1865இல் ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் இதற்கு நேர் எதிராகச் சொன்னார். ஒவ்வொரு சிக்கனமும் நீராவியை இன்னும் பத்து இடத்துக்குக் கட்டுப்படியாக்கியது, மொத்த நிலக்கரிச் செலவு ஏறியது. இந்த உரையாடலைத் திரும்பிப் பார்த்தாலே தெரியும். குப்பைக்கரி எஞ்சின் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு நகரவில்லை. சிக்கன எஞ்சின்தான் கார்ன்வாலில் பெருகியது, லண்டன் மதுவடிப்பு ஆலைக்கும் மான்செஸ்டருக்கும் போனது, அப்புறம் கப்பலிலும் ஏறியது.

சிக்கனத்தில் உச்சம் தொட்டவர்கள் மறுபடி கார்ன்வால்காரர்கள். 1811இலிருந்து எந்தச் சுரங்க எஞ்சின் எவ்வளவு நிலக்கரியில் எவ்வளவு தண்ணீர் தூக்கியது என்று மாதா மாதம் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஒரு புஷல் (பழைய ஆங்கில அளவை) நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி தூக்கும் என்பது அளவு. வாட் காலத்து நல்ல எஞ்சின் 2 கோடியைச் சுற்றி வரும். 1835இல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்து எஞ்சின் ஒன்று சோதனையில் 12 கோடியைத் தாண்டியது. யாரும் மறைத்து வைக்கவில்லை, பக்கத்துச் சுரங்கத்தின் எண்ணைப் பார்த்து அடுத்தவன் வால்வை மாற்றினான். சாடி கார்னோ 1824இல் வெப்ப எஞ்சின் கோட்பாட்டை எழுதினார் என்பதும் உண்மை, பட்டறைக்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை.

மார்ச் 8, மாலை 6.30

வெடித்த பாய்லர்களைப் பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறார்கள் மேலே. நான் போடவில்லை. வெடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

1862 ஜனவரி 16, நார்தம்பர்லாந்தில் ஹார்ட்லி சுரங்கம். பம்பு எஞ்சினின் வார்ப்பிரும்பு உத்தரம், 40 டன்னுக்கு மேல் கனம், நடுவில் முறிந்தது. பாதி நேராகச் சுரங்கக் கிணற்றுக்குள் விழுந்தது. பக்கச் சுவரெல்லாம் இடிந்து குழி அடைத்துக்கொண்டது. இறங்க, ஏற, காற்று வர, தண்ணீர் போக, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குழி. 204 பேர் செத்தார்கள், சிறுவர்களும் சேர்த்து. மீட்புக்காரர்கள் ஆறு நாள் தோண்டினார்கள். அதே வருடம் சட்டம் வந்தது: சுரங்கத்துக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். இரண்டாவது குழி தோண்டச் செலவு அதிகம் என்பதுதான் அதுவரை சொன்ன காரணம்.

மார்ச் 9, காலை 7.05

மின்சாரம் வந்ததும் நீராவி செத்தது என்று எழுதியவருக்கு: செத்தது பிஸ்டன். சார்லஸ் பார்சன்ஸ் 1884இல் செய்த டர்பைன்தான் வேறு உருவத்தில் இன்றும் ஓடுகிறது. நிலக்கரியோ அணு உலையோ, கடைசியில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் டர்பைனைச் சுற்றுகிறார்கள். டர்பைனுக்கு அடியில் கண்டென்சர். வாட் தனியாகப் பிரித்து வைத்த அதே பாத்திரம், இப்போது வீடு அளவுக்குப் பெரிதாக, ஆயிரக்கணக்கான குழாய்களோடு. டட்லி எஞ்சின் நிலக்கரியின் சக்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட வேலையாக்கவில்லை. இன்றைய நல்ல நிலையம் 40ஐத் தாண்டும்.

ஆலைக் கட்டடத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். ஒரே எஞ்சின், அதிலிருந்து நீளத் தண்டு, தண்டிலிருந்து பெல்ட்டு பெல்ட்டாக ஒவ்வொரு இயந்திரத்துக்கும். தண்டு நீள நீள உராய்வில் திறன் போகும், அதனால் மாடி மேல் மாடி கட்டினார்கள். மின்மோட்டார் வந்தபோது முதலில் எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள், தண்டும் பெல்ட்டும் அப்படியே. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, கட்டடத்தையே தரையோடு பரப்பிக் கட்டத் துணிய இருபது முப்பது வருடம் பிடித்தது. லாபம் அப்போதுதான் வந்தது.

மார்ச் 9, இரவு 10.40

ஓடுகிற பழைய எஞ்சினைப் பார்க்க முடியுமா என்று கேட்டவருக்கு: இங்கிலாந்தில் கென்னட்–ஏவன் கால்வாயில் கிராஃப்டன் பம்பு நிலையம். 1812இல் போல்டன்–வாட் செய்த எஞ்சின், கட்டிய இடத்திலேயே, நிலக்கரி பாய்லரில். எல்லா நாளும் ஓடாது, நீராவி ஏற்றும் நாட்களை அறிவிப்பார்கள். வழக்கமாகக் கால்வாய்க்குத் தண்ணீர் ஏற்றுவது மின்பம்பு. அது பழுதானபோது கிழவரையே திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள், தண்ணீரும் ஏறியது. போனால் உத்தர மாடியில் ஏறிப் பாருங்கள், கைப்பிடியை விடாமல்.